சாஜனுக்குச் சொறியில்லை

அந்த நாய் சொறிந்த சத்தம் வாவியைத் தாண்டி மட்டக்களப்புக் கோட்டைவரைக்கும் கேட்டது. இப்படி நான் சொல்லும்போதெல்லாம் என் மனைவி மார்கிறட், பாதி வாவிவரைக்கும்தான் என்று திருத்துவாள். சரி, பாதி வாவி என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாய்க்கு அதுவே பெரிய காரியம்.

1937ஆம் ஆண்டு தை மாதம். நான் உன்னிச்சைக் குளத்தில் இருபத்தெட்டு வருஷம் கட்டையும் மதகையும் மேற்பார்க்கிற ஓவசியராக இருந்து, பென்சன் எடுத்துக்கொண்டு, வவுணதீவுப் பக்கம் வாவிக்கரையில் வந்து குடியேறி எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலையில்லாத ஓவசியர் ஒருவனைப் போல ஊருக்கு ஆபத்தானவன் வேறு யாரும் இல்லை. பார்க்கிற வேலியெல்லாம் சரிந்து தெரியும், கேட்கிற கதையெல்லாம் திருத்தவேண்டும் போலிருக்கும். நல்லவேளையாக நான் ஒரு தோணி வாங்கினேன். என் முழுக் கவனமும் அதன்மேல் போனதால் ஊர் தப்பியது. வாவியில் அப்படி மினுங்குகிற தோணி அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலையில் சூரியன் அதில் முகம் பார்த்துவிட்டுத்தான் மேலே ஏறும்.

வேலிக்கு அப்பால், பக்கத்து வளவில் அன்னப்பூரணி இருந்தாள். மலேரியா ஊரை வாரிக்கொண்டு போன வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மூன்று ஏக்கர் வயலைத் தனியாக விதைத்து, தனியாகக் காவல்காத்து, தனியாக வெட்டுவிப்பாள். தனியாக என்று நான் சொல்வது பிழை. அவளிடம் சாஜன் என்ற அந்த நாய் இருந்தது. பொலிஸ் சார்ஜன்டைப்போல, எங்கள் வாயில் சாஜனைப்போல, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரம்பில் நடப்பதைப் பார்த்து அவள் புருஷன் வைத்த பேர் அது. செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் மற்றது மடிந்தும் இருக்கும். சாஜன் குரைத்தால் அந்த வட்டையில், அதாவது அந்தப் பக்கத்து வயல்வெளி முழுவதிலும், காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு வேறு ஊருக்கு மாறிப்போகும் என்பதை நான் எந்த நீதவான் கோட்டிலும் சத்தியம் பண்ணத் தயார்.

பன்றிகள் மட்டுமில்லை. எங்கள் ஊர்த் தலைமைக்காரர், விதானையார் யோகராசாவுக்கு நாற்பது எருமைகள் இருந்தன. கட்டி வளர்க்கிற வழக்கம் அவரிடம் இல்லை. கதிர் பால்பிடிக்கிற காலத்தில் அவை தாமாகவே வழிதெரிந்து மற்றவர்களுடைய வயலுக்குள் இறங்கும். விதானையாருடைய எருமை என்பதால் வயற்காரர்கள் கும்பிடாத குறையாகத் துரத்துவார்கள். சாஜனுக்கு அந்த மரியாதை தெரியாது. முந்திய வருஷம் நாற்பதையும் ஒன்றாகத் திருப்பி விதானையாரின் மிளகாய்த் தோட்டத்துக்கு நடுவால் ஓட்டிக்கொண்டுபோய் விட்டது. நாற்பதென்று நான் சொல்கிறேன். மார்கிறட் ஒன்பது என்பாள்.

அந்த நாய்க்குத்தான் கார்த்திகையிலிருந்து அரிப்பு. இரண்டு மாதம் இரவுபகல் சொறிந்து வயிறு சிவந்து மயிர் கொட்டி, தாடைக்குக் கீழே தோல் தடித்து, முழங்கையில் புண்ணாகிப்போனது. வரம்பில் பத்தடி நடக்கும், பிறகு இருந்து சொறியும். பன்றிகள் திரும்பவும் ஊருக்குக் குடிவரத் தொடங்கின.

ஒருநாள் காலை விதானையார் ஒரு தாளோடு வந்தார். சொறிபிடித்த நாய்களையும் ஆளில்லாத நாய்களையும் சுடுகிறதற்கு மேலிடத்து உத்தரவு, இருபத்தொரு நாளில் துவக்குக்காரர் வருகிறார் என்று பத்துப்பேர் கூடிநிற்க வாசித்தார். தாளில் பதினொரு நாய். முதலாவது பேர் சாஜன்.

அன்னப்பூரணி வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகைக் கீழே வைக்கவில்லை.

"சொறியிற நாய்க்கெல்லாம் சொறியெண்டு ஆர் சொன்ன?" என்று கேட்டாள்.

"உன்ட நாயைப் பாத்தாக் குருடனுக்கும் தெரியும். இது தொத்திற வியாதி. ஊர்ச்சனத்துக்குத் தொத்தும், மாட்டுக்குத் தொத்தும்."

"ரெண்டு மாசமாக் காவல் பரணில என்ட கால்மாட்டிலதான் கிடக்குது. எனக்குத் தொத்தல்ல. உங்கட எருமைக்கு மட்டும் எப்பிடித் தொத்தும்? பறந்து போயா?"

கூடிநின்றவர்களில் யாரோ சிரித்துவிட்டார்கள். விதானையாருக்கு முகம் கறுத்தது. அந்தக் கோபத்தில்தான் அவர் அந்தப் பிழையைச் செய்தார்.

"சரி. சொறியில்லாட்டி வேறென்ன எண்டு துவக்குக்காரர் வாறதுக்குள்ள காட்டு. காட்டினா இதே இடத்தில பேரை வெட்டுறன்."

இந்த இடத்தில் அன்னப்பூரணி பதில் சொல்லியிருக்கவேண்டும். சொன்னது நான். "நான் காட்டுறன் விதானையார்" என்று என் வாய் சொன்னதை என் காது கேட்டபோது எனக்கே வியப்பாக இருந்தது. அதுவரைக்கும் நான் நாய் வளர்த்ததும் இல்லை, நாய்க்கு ஒரு சோற்றுருண்டை போட்டதும் இல்லை. அன்னப்பூரணி என்னை ஒருமுறை மேலும்கீழும் பார்த்துவிட்டுச் சுளகைத் தட்டினாள்.

ஆனால் எனக்கு ஒரு முறை தெரியும். குளத்துக் கட்டில் எங்கோ தண்ணீர் கசிகிறது, எங்கே என்று தெரியவில்லை என்றால் என்ன செய்வோம்? மதகுகளை ஒவ்வொன்றாக அடைப்போம். ஒன்றை அடைத்துப் பார்ப்பது, கசிவு நிற்காவிட்டால் அதைத் திறந்துவிட்டு அடுத்ததை அடைப்பது. எதை அடைக்கும்போது கசிவு நிற்கிறதோ அதுதான் கள்ளன். நாயும் ஒரு குளம்தான் என்று நான் அன்னப்பூரணிக்கு விளக்கினேன்.  பதிலுக்கு நாய்தான் சொறிந்தது.

முதலாவது மதகு தெள்ளுப்பூச்சி. தெள்ளு கடித்து அரித்தால் நாய் வால் முளைக்கிற இடத்தைத்தான் கடிக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சாஜன் வயிற்றைக் கடித்தது. ஆனாலும் ஓவசியர் எந்த மதகையும் பார்க்காமல் தாண்டிப்போக மாட்டான். வெள்ளைத் துணியை விரித்து, நாயை நிறுத்தி, ஈர்க்கொல்லிச் சீப்பால் தலையிலிருந்து வால்வரைக்கும் வாரினேன். இரண்டு தெள்ளு விழுந்தன. அவற்றை நான் கொன்ற வீரத்தை இங்கே விவரிக்கப்போவதில்லை. அதன்பிறகு ஏழு நாளும் புகையிலைத் தண்ணீர்க் குளிப்பாட்டல். வேப்பெண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூச்சு. அந்த நாற்றத்தில் வாவியில் மீன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கல்லாற்றுப் பக்கம் போய்விட்டன. மார்கிறட் இந்த வளவுக்குள் அந்த வேலை நடக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னதால், கரையில் கண்டல் மரத்தடியில் இழுத்துவிட்டிருந்த என் தோணிக்குள் நாயை ஏற்றி, அங்கேயே பூசி, அங்கேயே வெயில் காயவிட்டு, காய்ந்ததும் இறக்குவேன். நாய்க்கு அதில் மறுப்பில்லை. எப்போதும் பகலில் அது படுக்கிறதும் அங்கேதான். காற்று நன்றாக வரும்.

ஏழாம் நாள் வெள்ளைத் துணியில் ஒரு தெள்ளும் விழவில்லை. நாய் முன்னைவிட இரண்டு மடங்கு சொறிந்தது.

இரண்டாவது மதகு சாப்பாடு. வாவிக்கரை நாய் என்ன தின்னும் என்று நினைக்கிறீர்கள்? இறால் தலை, நண்டுக் கோது, கருவாட்டு முள். மனிதருக்கே இறால் சில பேருக்கு ஒத்துக்கொள்ளாது. மார்கிறட்டின் சின்னம்மா இறால் என்ற சொல்லைக் கேட்டாலே தடித்துப்போவார். ஆகவே இறாலும் நண்டும் மீனும் ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கு, தடை. சோறும் பூசணிக்காயும் மட்டும். அன்னப்பூரணி கட்டுப்பாடாகத்தான் கொடுத்தாள். ஊர்தான் கட்டுப்படவில்லை. பாவம் என்று ஒருத்தி கருவாட்டுத் தலை போட்டாள், நேத்திக்கடன் என்று இன்னொருத்தி பொரித்த மீன் போட்டாள். நான் ஒரு நாற்காலியைப் போட்டு நாய்க்குக் காவலிருந்தேன். உன்னிச்சைக் குளம் உடையப்பார்த்த வெள்ள வருஷத்தில்கூட நான் அப்படிக் காவலிருந்ததில்லை.

கேளுங்கள், இரண்டாம் நாளே அரிப்புக் குறைந்தது. நான்காம் நாள் நாய் ஒருமுறைகூட இருந்து சொறியவில்லை. இரவில் வயலைச் சுற்றி ஓடியது. நான் என்ன செய்தேன்? பொறுத்திருந்தேனா? நேராக விதானையார் வீட்டுக்குப் போய், அவர் வாசலில் நின்றுகொண்டு, இறால்தான் கள்ளன், பேரை வெட்டும் என்று பாதி ஊருக்குக் கேட்கச் சொன்னேன். தவணை முடியட்டும், பார்ப்போம் என்றார் அவர். போகிற வழியெல்லாம் கண்டவர்களுக்கெல்லாம் பூசணிக்காயின் மகத்துவத்தைப்பற்றிப் பேசிக்கொண்டுபோனேன். அன்றைக்கு வவுணதீவில் ஒரு பூசணிக்காய்கூட மிஞ்சவில்லை.

ஆறாம் நாள் அரிப்புத் திரும்பி வந்தது. அதே வயிறு, அதே தாடை, அதே முழங்கை. பூசணிக்காயைத் தவிர நாய் வேறொன்றும் வாயில் வைக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. விதானையாருக்குச் செய்தி எப்படிப் போனதோ, பின்னேரம் அந்த வழியால் வந்தவர், நாய் சொறிவதைப் பத்து நிமிஷம் நின்று பார்த்தார். பிறகு, பூசணிக்காய் விலை என்னவாம் ஓவசியர் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வி எனக்குத் தைத்தது. என்னால் அன்னப்பூரணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உன்னிச்சையில் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நாயை வண்டிலில் ஏற்றி அங்கே அனுப்பிவிடுவோம், துவக்குக்காரர் போனபிறகு கொண்டுவருவோம் என்று சொல்லிப்பார்த்தேன். அவள் நாயின் மடிந்த காதைத் தடவினாள்.

"ஒளிச்சு வச்சா, சொறியெண்டு நான் ஒப்புக்கொண்ட மாதிரி" என்றாள். "மறுகா, இதுக்குப் பிறகு, ஒவ்வொரு வருஷமும் ஒளிக்கவேணும். இது என்ட காணியில நிண்டு காவல்காக்கிற நாய். களவெடுத்த நாயில்ல. இஞ்சதான் நிக்கும். அண்டைக்கும் இஞ்சதான் நிக்கும்."

"சுட்டுப்போட்டா?"

"சுடுறவன் எனக்கு முன்னால நிண்டு சுடட்டும்."

ஏழு நாள்தான் மிச்சம். இன்னும் அடைக்காத மதகு எது என்று யோசித்து யோசித்து எனக்கே தலை அரிக்கத் தொடங்கியது.

மறுநாள் ஏறாவூரிலிருந்து முகைதீன்பாவா காக்கா வந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். மரமுந்திரிகை வியாபாரி. மாசியில் மரங்கள் பூக்கிற நேரத்தில் ஊரூராக வந்து, வேலிக்கு வெளியே நின்று, பூவைப் பார்த்தே இந்த மரம் இத்தனை மூடை தரும் என்று மதிப்புச் சொல்லி மரத்தைப் பேசி வைத்துக்கொண்டு போவார். கிட்டப்போய்க் கிளையைப் பிடித்துப் பார்க்கமாட்டார். கிட்டப்போனால் ஒரு கிளைதான் தெரியும், தள்ளிநின்றால்தான் மரம் தெரியும் என்பார். இருபது வருஷத்தில் ஒரு மூடைகூட அவர் பிழைத்ததில்லை. சரி, மார்கிறட் சொல்கிறாள், மூன்று மூடை பிழைத்திருக்கிறாராம்.

அன்னப்பூரணியின் வளவில் நான்கு முந்திரிகை மரம். அவர் வேலிக்கு வெளியே நின்றுகொண்டார். நாய் எழும்பி வர, கைகாட்டி அதைத் தள்ளிப்பிடிக்கச் சொன்னார். நாய் மேலே பட்டால் உடுப்பையும் உடம்பையும் ஏழுமுறை கழுவவேண்டும், அஸர் தொழுகைக்கும் நேரமாகிறது என்று தன்மையாகச் சொன்னார். அன்னப்பூரணி நாயை இருபது அடி தள்ளிப் பிடித்துக்கொண்டாள். மரத்தைப் பார்க்க வந்தவர், நாயைப் பார்க்கத் தொடங்கினார். நான் நடந்ததை எல்லாம் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். அவர் காதில் வாங்கினாரோ என்னவோ, கண் நாயிலேயே இருந்தது.

"காதைத் தூக்கிக் காட்டுங்க புள்ள" என்றார்.

அன்னப்பூரணி மடிந்த காதைத் தூக்கினாள்.

"மத்தக் காது? வால் பக்கம்? முதுகு?" எல்லாம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஓவசியர், நான் கண்ட சொறிநாயெல்லாம் காது ஓரத்திலதான் முதல்ல கொட்டினது. இதுக்குக் காது பட்டு மாதிரிக் கிடக்கு. முதுகில ஒரு மயிர் கொட்டல்ல. வயிறு, தாடை, முழங்கை. படுத்தா நிலத்தில படுற இடம் மட்டும்தான். வியாதி நாய்க்குள்ள இல்ல. நாய்க்குக் கீழ இருக்கு."

இரண்டு கிழமையாக அந்த நாயைத் தூக்கி, கழுவி, வாரி, பூசி, என் கையால் படாத இடம் அதில் ஒரு விரற்கடை இல்லை. ஒருமுறையும் தொடாத மனிதர் இருபது அடி தள்ளிநின்று சொல்கிறார்.

"எங்க படுக்கும்?" என்று கேட்டார்.

இரவில் காவல் பரணில் சாக்கின்மேல் என்றாள் அன்னப்பூரணி. பகலில் எங்கே என்று அவர் கேட்டார். கரையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தோணி பின்னேர வெயிலில் கண்ணைக் கூசவைத்தபடி கிடந்தது.

"அந்தப் பலகைக்கு என்ன பூசின நீங்க?"

"என்ன காக்கா, நீங்கதானே தந்த. புழு அரியாதெண்டு. முந்திரிகைக் கோதெண்ணெய்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "என்ட வளவில கொட்டை உடைக்கிற பொண்டுகள் சாம்பலைக் கையில பூசாம ஒரு கொட்டையும் தொடமாட்டாங்க. தொட்டா இதே மாதிரித்தான் சிவந்து, தடிச்சு, தோல் உரியும். நான் மாசத்துக்கு ஒருக்காப் பூசுங்க எண்டல்லவா சொன்ன. எத்தினை தரம் பூசின?"

நான் பூசியது கிழமைக்கு இரண்டுமுறை. நான் மூன்று தகரம் முடித்திருந்தேன்.

இப்போது எல்லாம் எனக்குப் பளிச்சென்று வெளித்தது. கார்த்திகையில்தான் எண்ணெய் பூசத் தொடங்கினேன். நீளக் கம்பில் துணி சுற்றிப் பூசியதால் என் கை தப்பியது. நாய்க்குத் தெள்ளு மருந்து பூசி எங்கே காயவிட்டேன்? தோணியில். வெயிலேறினால் அந்தப் பலகை இளகி ஒட்டும். புகையிலைத் தண்ணீரில் தோல் ஊறி மெதுவான நாயைக் கொண்டுபோய் அதிலேயே இரண்டு மணித்தியாலம் கிடத்தியிருக்கிறேன். பூசணிக்காய்க் கிழமையில் அரிப்பு நின்றதே, அந்த நான்கு நாளும் மார்கிறட்டின் தமையன் வைக்கோல் ஏற்றத் தோணியை வலையிறவுக்குக் கொண்டுபோயிருந்தார். ஐந்தாம் நாள் தோணி வந்தது, ஆறாம் நாள் அரிப்பு வந்தது. எல்லா மதகையும் ஒவ்வொன்றாக அடைத்த ஓவசியர், தான் ஏறி நின்ற மதகைப் பார்க்கவில்லை.

அன்னப்பூரணி என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என் தோணிப் பக்கம் போய், ஒரு தகரத்தின் அடியில் மிச்சமிருந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். எதற்கு என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்றே தோணியை நாற்பது முழம் தள்ளி ஆழத்தில் கட்டினேன். நாய்க்கு அங்கே போக வழியில்லை. கிணற்றுத் தண்ணீரில் தவிடு போட்டுத் தேய்த்துக் கழுவி, தேங்காயெண்ணெய் பூசி, புது வைக்கோலில் விட்டோம். மூன்றாம் நாள் சொறிவது பாதியாகக் குறைந்தது. ஐந்தாம் நாள் மறந்துபோய் எப்போதாவது ஒருமுறை. ஆனால் மயிர் என்பது உத்தரவுக்கு முளைக்கிற பொருளில்லை. சாஜனின் வயிறு இன்னமும் உரித்த கோழி மாதிரித்தான் இருந்தது. பார்க்கிறவர்களுக்கு அது சொறிநாய். துவக்குக்காரர் பார்க்கப்போவது அந்த வயிற்றை.

இருபத்தோராம் நாள் காலை விதானையார் முன்னாலும் துவக்குக்காரர் பின்னாலும் வந்தார்கள். துவக்குக்காரர் தொந்தி வைத்த, வியர்த்துக் களைத்த மனிதர். அன்றைக்கு அவருக்கு இன்னும் நான்கு ஊர் போகவேண்டியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் ஊர். ஆயிரம் பேர் இருக்கும். நாற்பது என்று மார்கிறட் சொல்வாள், அவள் எண்ணினாளாம்.

நான் முன்னுக்குப் போய் என் தோணியையும் என் எண்ணெயையும் என் முட்டாள்தனத்தையும் ஒன்றும் மிச்சம்வைக்காமல் ஒப்புவித்தேன். பூசணிக்காயைச் சத்தமாகச் சொன்னவன் இதையும் அதே சத்தத்தில்தான் சொல்லவேண்டும் என்று எனக்குப் பட்டது. சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். விதானையார் சிரிக்கவில்லை.

"முந்தின கிழமை இறால் எண்டார், இந்தக் கிழமை எண்ணெய் எண்டுறார்" என்றார் துவக்குக்காரரிடம். "அடுத்த கிழமை நிலா எண்டுவார். எண்ணெயால வந்ததெண்டா, எண்ணெயை விட்டு ஆறு நாளாச்சே, இன்னும் ஏன் இந்தக் கோலம்? இது சொறிதான். சுடுங்க."

துவக்குக்காரர் துவக்கை எடுத்தார். அப்போது அன்னப்பூரணி நாய்க்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கையிலும் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரைக்கும் சீலைத் துண்டு சுற்றியிருந்தது. மூன்று நாளாக அப்படித்தான் திரிந்தாள். புல் வெட்டும்போது அரிவாள் பட்டது என்று எல்லோரும் நினைத்திருந்தோம்.

முதலில் வலது கைச் சீலையை அவிழ்த்தாள். உள்ளே சாக்குத் துண்டு ஒன்று இருந்தது, செம்மண் நிற நாய்மயிர் ஒட்டியபடி.

"இது நாய் படுக்கிற சாக்கு. மூணு நாள் மூணு ராவு என்ட மேலில கட்டிக் கிடந்தது. பாருங்க."

கை சுத்தமாக இருந்தது. ஒரு பருக்கூட இல்லை.

பிறகு இடது கையை அவிழ்த்தாள். கூட்டத்தில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தோல் சிவந்து, தடித்து, நீர்க்கொப்புளம் போட்டு, சில இடத்தில் உரிந்து இருந்தது. அவள் நாயை மல்லாக்கப் புரட்டி, அதன் வயிற்றுக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். ஒரே நிறம். ஒரே தடிப்பு.

"இது ஓவசியர்ர எண்ணெய். மூணு சொட்டு. இப்ப சொல்லுங்க, எனக்குச் சொறியா? என்ட பேரையும் தாளில எழுதுங்க."

துவக்குக்காரர் குனிந்து கையையும் பார்த்தார், வயிற்றையும் பார்த்தார். பிறகு நாயின் இரண்டு காதையும் தானாகவே தூக்கிப் பார்த்தார். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு விதானையாரைப் பார்த்தார்.

"இது கண்கட்டு வித்தை" என்றார் விதானையார். "கையில வேறென்னவோ பூசியிருக்கா."

அன்னப்பூரணி வீட்டுக்குள் போய்த் தகரத்தைக் கொண்டுவந்தாள். கறுத்த எண்ணெய் அடியில் ஒட்டியிருந்தது. ஒரு தென்னம் ஈர்க்கைத் தோய்த்து அவருக்கு முன்னால் நீட்டினாள்.

"இந்தாங்க. நானும் பூசின, நாயும் பூசின. நீங்களும் மூணு சொட்டுப் பூசுங்க. மூணு நாளில உங்கட கை சும்மா கிடந்தா நானே நாயைக் கட்டிக் கொண்டுவாறன், நீங்களே சுடுங்க."

ஈர்க்கின் நுனியில் எண்ணெய் ஒரு துளியாகத் திரண்டது. ஊர் முழுவதும் அந்தத் துளியைப் பார்த்தது. விதானையார் வெள்ளைச் சால்வை போர்த்தியிருந்தார். அவருடைய இரண்டு கையும் மெல்ல மெல்லச் சால்வைக்குள் போவதை நான் என் கண்ணால் கண்டேன். இதை நான் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. வேண்டுமென்றால் மார்கிறட்டைக் கேளுங்கள்.

அந்த நேரம் பார்த்தா சாஜன் அப்படிச் செய்யவேண்டும்? எழும்பி, உடம்பை உதறி, இருந்து, பின்னங்காலைத் தூக்கிக் கழுத்தை வறுக்வறுக் என்று சொறிந்தது. 

"பாத்தீங்களா?" என்றார் விதானையார். "சொறியிது."

"நாயெண்டாச் சொறியத்தான் செய்யும்" என்றாள் அன்னப்பூரணி. "நீங்க இஞ்ச வந்து நிண்டதுக்கு ரெண்டுதரம் முதுகு சொறிஞ்சிட்டீங்க. நான் எண்ணினனான். அதுக்காக உங்களைச் சுடச் சொன்னனா?"

முதலில் சிரித்தது துவக்குக்காரர்தான். தொந்தி குலுங்கச் சிரித்தார். அதற்குப் பிறகு ஊரைப் பிடிக்க முடியவில்லை. எனக்கு நேரமாகிறது, பேரை வெட்டுங்க விதானையார் என்று அவர் சிரிப்போடு சொல்லிவிட்டு அடுத்த வளவுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

விதானையார் தாளை மடித்து மடியில் வைக்கப்பார்த்தார். அன்னப்பூரணி வழிவிடவில்லை.

"இதே இடத்தில வெட்டுறன் எண்ட நீங்க."

அவர் பென்சிலை எடுத்து வெட்டினார். சின்னக் கோடு. அது காணாது, சொறிக்குப் பதிலாக என்ன என்று எழுதவேணும் என்றாள் அவள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் கலைவதாக இல்லை. பென்சில் நுனியை நாக்கில் தொட்டு, எண்ணெய் என்று எழுதினார். வாசிச்சுக் காட்டுங்க என்றாள். தாளை முதல்முறை வாசித்த அன்றைய குரலில் கால்வாசிதான் வந்தது. ஆனாலும் வாசித்தார்.

அவர் போனபிறகு சனம் அவளைச் சூழ்ந்துகொண்டது. கைக்குத் தேங்காயெண்ணெய் பூசு என்று ஒருத்தி, சாம்பல் பூசு என்று ஒருத்தி. பட்டணத்துக்குப் போய் டாக்குத்தரிடம் காட்டு என்று மார்கிறட் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் நிற்கவில்லை. கதிர் முற்றிவிட்டது, பன்றி இறங்கியிருக்கும், நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டு சாஜனைக் கூப்பிட்டாள்.

கை ஆறப் பத்துப் பன்னிரண்டு நாளாகும் என்று முகைதீன்பாவா காக்கா எச்சரித்திருந்தாராம். அவள் இடது கையை வலது கையால் நன்றாகச் சொறிந்துகொண்டு, நடுத்தெருவால், விதானையார் வீட்டு வாசலைத் தாண்டி, வயலுக்குப் போனாள். நாய் முன்னால் போனது.